மலேரியா ஒட்டுண்ணியின் டிஹெச்எஃப்ஆர் நொதியில் டாக்கிங் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு தேடுங்கள்

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், மலேரியா டிஹெச்எஃப்ஆரில் பைரிமெத்தமினை டாக் பண்ணினேன். அது எங்கோ போய் ஒட்டிக்கொள்கிறது. மென்பொருளில் கோளாறா?" (டாக்கிங் என்றால் ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தின் குழியில் எங்கே, எப்படி உட்காரும் என்று கணினியில் கணிப்பது.) கேட்பவரின் ஊரும் கல்லூரியும் மாறும், தப்பு மட்டும் மாறாது. பத்தில் எட்டு முறை மென்பொருள் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். இறக்கிய கட்டமைப்புக் கோப்பை யாரும் படித்துப் பார்க்காததுதான் சிக்கல்.

அதனால் திரும்பத் திரும்ப எழுதிய பதில்களை அறிகுறி வாரியாக இங்கே சேர்த்து வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போய்விடலாம். "மருந்து வேறு இடத்துக்குப் போகிறது" என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அந்தத் தப்பைச் செய்துவிட்டு, செய்யவில்லை என்று நம்புகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ், சுருக்கமாக டிஹெச்எஃப்ஆர், ஃபோலேட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் நொதி. அது நின்றால் டிஎன்ஏவுக்கான தைமின் உற்பத்தி நிற்கும், ஒட்டுண்ணி பெருக முடியாது. பைரிமெத்தமின் இந்த நொதியைத்தான் அடைக்கிறது. சல்ஃபடாக்சினோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இந்த மருந்து பழங்கதை இல்லை. வடகிழக்கு மாநிலங்கள் தவிர்த்து இந்தியாவில் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டின் துணை மருந்தாக இருந்து வருவது இந்த ஜோடிதான். ஒட்டுண்ணி இதற்கு எதிர்ப்பைப் பெற்றது நொதியின் சில அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டு. 51, 59, 108, 164 ஆகிய நான்கு இடங்கள்தான் முக்கியம். அந்த மாற்றங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது 2003இல். தாய்லாந்தின் பயோடெக் ஆய்வுக்கூடத்தில் யோங்யுத் யுத்தவோங் குழுவினர் ஃபால்சிபாரம் நொதியின் படிகக் கட்டமைப்பை வெளியிட்டார்கள். அதுவரை கோழி, பாக்டீரியா, 1994இல் வந்த லீஷ்மேனியா கட்டமைப்புகளை வைத்து மாதிரி கட்டி, ஊகித்துத்தான் வேலை நடந்தது.

அந்த 2003 தொகுப்பில், புரதக் கட்டமைப்பு வங்கியான பிடிபியில் உள்ளவை மூன்று கோப்புகள்: 1ஜே3ஐ, 1ஜே3ஜே, 1ஜே3கே. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியே.

அறிகுறி: கோப்பைத் திறந்தால் நாலு சங்கிலி, ஏகப்பட்ட சிறு மூலக்கூறு. எதில் டாக் செய்வது?

மனிதனில் டிஹெச்எஃப்ஆர் தனி நொதி, தைமிடிலேட் சிந்தேஸ் தனி நொதி. மலேரியா ஒட்டுண்ணியில் இரண்டும் ஒரே புரதத்தின் இரு பகுதிகள். மொத்தம் 608 அமினோ அமிலங்கள். முதல் 231 டிஹெச்எஃப்ஆர், அடுத்த 89 இணைப்புப் பகுதி, மீதி 288 தைமிடிலேட் சிந்தேஸ். இப்படி இரண்டு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்துதான் இயங்கும்.

இணைப்புப் பகுதியின் ஒரு நீளமான துண்டு ஓரிடத்தில் நிலையாக நிற்காததால் படிகத்தில் தெரியவில்லை. அதனால் ஒரே புரதத்தை இரண்டு சங்கிலிகளாக வெட்டிப் பதிந்திருக்கிறார்கள். ஏ, பி இரண்டும் டிஹெச்எஃப்ஆர். சி, டி இரண்டும் தைமிடிலேட் சிந்தேஸ். நாலு தனித்தனிப் புரதங்கள் என்று நினைக்க வேண்டாம்.

சிறு மூலக்கூறுகளை அவற்றின் மூன்றெழுத்துக் குறியீட்டால் அடையாளம் காணலாம். என்டிபி என்பது என்ஏடிபிஹெச், அதாவது டிஹெச்எஃப்ஆரின் துணைநொதி. யூஎம்பி என்பது தைமிடிலேட் சிந்தேஸின் மூலப்பொருள். டபிள்யூஆர்ஏ என்பது டபிள்யூஆர்99210 என்ற சோதனை மருந்து. சிபி6 என்றால் பைரிமெத்தமின்.

யூஎம்பியைச் சுற்றிப் பெட்டி (மென்பொருள் மருந்துக்கு இடம் தேடும் எல்லை) போட்டு, "டிஹெச்எஃப்ஆர் செயல்மையத்தில் டாக் செய்தோம்" என்று எழுதிய அறிக்கை ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். அது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கதை. டிஹெச்எஃப்ஆருக்கு ஏ சங்கிலி, அதில் உள்ள டபிள்யூஆர்ஏ அல்லது சிபி6, இவற்றின் மையத்தைப் பெட்டியின் மையமாக வையுங்கள்.

அறிகுறி: டாக்கிங் மென்பொருளான வீனா "தேடும் பரப்பு 27000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது" என்று எச்சரிக்கிறது

பெட்டி பெரிது. 30க்கு 30க்கு 30 தாண்டினால் இந்த எச்சரிக்கை வரும். முழுப் புரதத்தையும் மூடிப் பெட்டி போட்டிருப்பீர்கள். பைரிமெத்தமின் அளவுள்ள மூலக்கூறுக்கு ஒரு பக்கம் 20 முதல் 22 ஆங்ஸ்ட்ராம் தாராளம். பெட்டியைச் சுருக்காமல் தேடலின் தீவிரத்தை (எக்ஸாஸ்டிவ்னெஸ்) மட்டும் 8இலிருந்து 64க்கு ஏற்றுவது கணினிக்குச் சூடேற்றுகிற வேலை.

அறிகுறி: படிகத்தில் இருந்த மருந்தையே திரும்ப டாக் செய்தால் வேறு இடத்துக்குப் போகிறது

எந்தப் புது மூலக்கூறையும் தொடுவதற்கு முன், கோப்பில் ஏற்கெனவே இருக்கும் மருந்தை எடுத்துவிட்டு, அதையே திரும்ப டாக் செய்து, பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

இந்த நொதியில் இப்படி நடந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: என்ஏடிபிஹெச் எங்கே?

இணையத்தில் கிடைக்கும் டாக்கிங் பயிற்சிக் காணொளிகளில் நூற்றுக்கு தொண்ணூறு, "தண்ணீரையும் மற்ற மூலக்கூறுகளையும் அழித்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கும். அந்த ஒரே வரியில் புரதம் அல்லாத எல்லாமே போய்விடும், என்ஏடிபிஹெச்சும் சேர்ந்து. சில நொதிகளில் இதனால் கெடுதல் இல்லை. டிஹெச்எஃப்ஆரில் இது வீட்டின் ஒரு சுவரையே இடிப்பது மாதிரி. என்ஏடிபிஹெச்சின் நிக்கோட்டினமைடு வளையம்தான் மருந்து உட்காரும் குழியின் ஒரு பக்கத்தை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் அங்கே பெரிய வெற்றிடம் உருவாகும். வீனா வெற்றிடத்தைக் கண்டால் விடாது. தட்டையான வளையம் உள்ள மூலக்கூறை அதற்குள் திணித்து, நல்ல மதிப்பெண்ணும் (பிணைப்பு ஆற்றலின் மதிப்பீடு, எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு நல்லது) கொடுக்கும். அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உயிருள்ள ஒட்டுண்ணிக்குள் மருந்து பிணைவதும் என்ஏடிபிஹெச் உட்கார்ந்திருக்கும் நொதியோடுதான். அதனால் இது கணக்குக்காகச் செய்யும் சமரசம்கூட இல்லை.

சரிசெய்ய: ஏ சங்கிலியையும் அதற்குரிய என்டிபியையும் சேர்த்துப் புரதக் கோப்பாகச் சேமியுங்கள். மருந்தை மட்டும் தனியாக எடுங்கள். வீனா படிக்கும் பிடிபிக்யூடி வடிவத்துக்கு மாற்றிய பிறகு அந்தக் கோப்பை எழுத்துத் தொகுப்பானில் திறந்து என்டிபி வரிகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சில கருவிகள் வடிவம் மாற்றும்போது தெரியாத மூலக்கூறுகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். நான் ஒருமுறை இரண்டு நாள் இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். திரையில் என்ஏடிபிஹெச் பளிச்சென்று தெரிந்தது, வீனாவுக்குப் போன கோப்பில் இல்லை.

என்ஏடிபிஹெச் இருந்தும் சரிவரவில்லையா? அடுத்து பார்க்க வேண்டியது டபிள்யூஆர்99210இன் இயல்பு. அதன் நடுவில் ஆக்சிஜன், மூன்று கார்பன், ஆக்சிஜன் என்று வளைந்துகொடுக்கும் ஒரு பாலம் இருக்கிறது. சுழலும் பிணைப்புகள் அதிகம், அதனால் ஒரு ஓட்டத்தில் சரியான நிலை கிடைக்காமல் போகலாம். தேடலின் தீவிரத்தை 32 ஆக்கி, மூன்று நான்கு முறை வெவ்வேறு விதை எண்ணோடு (தேடலின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்) ஓட்டுங்கள். பைரிமெத்தமினுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அது விறைப்பான மூலக்கூறு. சரியாகத் தயாரித்த கோப்பில் முதல் ஓட்டத்திலேயே உட்கார வேண்டும்.

அறிகுறி: ஆர்எம்எஸ்டி 0.000 வந்துவிட்டது, ரீடாக்கிங் கச்சிதம்!

இது கோளாறு என்றே பலருக்குத் தெரிவதில்லை. வீனா தரும் பட்டியலில் ஆர்எம்எஸ்டி (இரு நிலைகளின் அணுக்களுக்கு இடையிலான சராசரி விலகல்) என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். அவை வீனா கண்டுபிடித்த முதல் நிலையிலிருந்து மற்ற நிலைகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதைச் சொல்பவை. முதல் நிலைக்குத் தன்னோடு தானே ஒப்பிட்டால் 0.000 வராமல் வேறென்ன வரும்? படிகத்தில் மருந்து எங்கே இருந்தது என்பதே வீனாவுக்குத் தெரியாது.

படிக நிலையோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்கள் தனியாகக் கணக்கிட வேண்டும். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பைரிமெத்தமினுக்கு நான் 1ஐத் தாண்டினாலே முகம் சுளிப்பேன்.

கணக்கிடும்போதும் ஒரு பொறி இருக்கிறது. பைமால் என்ற காட்சி மென்பொருளில் இரண்டு மூலக்கூறுகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, வரும் எண்ணை எழுதுகிறார்கள். அந்தக் கட்டளை மூலக்கூறை நகர்த்திவிட்டுத்தான் அளக்கும். மருந்து நொதிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தாலும் 0.3 வரும். நகர்த்தாமல் அளக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். குளோரோஃபீனைல் வளையம் 180 பாகை திரும்பினாலும் அதே வளையம்தான் என்பதால், சமச்சீரைக் கணக்கில் எடுக்கும் கருவியாக இருந்தால் நல்லது.

அறிகுறி: இடம் சரி, ஆனால் 54ஆம் அஸ்பார்டேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பு வரவில்லை

இந்த நொதியில் மருந்தைப் பிடித்து வைக்கும் முக்கியக் கொக்கி 54ஆம் அஸ்பார்டேட். அதன் கார்பாக்சிலேட் எதிர்மின்னோடு இருக்கும். பைரிமெத்தமினின் என்1 நைட்ரஜன் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்னோடு வந்து அதைப் பிடிக்கும். பக்கத்திலுள்ள 2ஆம் இடத்து அமினோ குழுவும் கைகொடுக்கும். இன்னொரு அமினோ குழு 14ஆம், 164ஆம் ஐசோலூசின்களின் முதுகெலும்பு ஆக்சிஜன்களைத் தொடும்.

பப்கெம் என்ற சேர்மத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய பைரிமெத்தமின் கோப்பில் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். என்1இல் ஹைட்ரஜன் இருக்காது. "வீனாதான் மின்னேற்றத்தைக் கணக்கில் எடுக்காதே, அப்புறம் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. வீனா மின்னேற்ற எண்களைப் பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் ஒரு நைட்ரஜனில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அது ஹைட்ரஜனைக் கொடுப்பதா வாங்குவதா என்று வகைப்படுத்தும். ஹைட்ரஜன் இல்லாத என்1 வாங்கும் வகை. அஸ்பார்டேட்டின் ஆக்சிஜனும் வாங்கும் வகை. கடன் கேட்டு வந்த இருவர் எதிரெதிரே நின்றால் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கும்?

பைரிமெத்தமினின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டான் ஏற்றிருக்கும் பிஹெச்) 7க்குச் சற்று மேல். கரைசலில் பாதிக்குப் பாதி என்றாலும், எதிர்மின்னுள்ள அஸ்பார்டேட்டுக்கு எதிரே வந்தால் புரோட்டான் ஏற்ற வடிவமே நிலைக்கும். தானியங்கிக் கருவியிடம் "பிஹெச் 7.4க்குத் தயார் செய்" என்று விட்டால் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கையால் போட்டுவிடுவது மேல். எது என்1 என்று குழம்ப வேண்டாம். எத்தில் குழு தாங்கிய கார்பனுக்கு அடுத்த நைட்ரஜன் என்1. இரண்டு அமினோ குழுக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது என்3, அதைத் தொடாதீர்கள்.

டபிள்யூஆர்99210, இதே நொதியை அடைக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோகுவானில் இவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். அவை டைஹைட்ரோட்ரையசீன் வகை, பைரிமெத்தமினைவிட எளிதாகவே புரோட்டான் ஏற்பவை.

அறிகுறி: "சாதாரண" நொதியில் பைரிமெத்தமின் சரியாக உட்காரவில்லை, குளோரின் இடிக்கிறது

நீங்கள் எடுத்தது சாதாரண நொதிதானா?

பைரிமெத்தமின் உள்ள கட்டமைப்பு வேண்டும் என்று தேடினால் 1ஜே3ஜே முன்னால் வந்து நிற்கும். உள்ளே சிபி6 இருக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள். ஆனால் அது சி59ஆர், எஸ்108என் (59இல் சிஸ்டீனுக்குப் பதில் ஆர்ஜினின், 108இல் செரினுக்குப் பதில் அஸ்பராஜின்) என்ற இரு பிறழ்வுகள் தாங்கிய எதிர்ப்பு நொதி. சாதாரண நொதி 1ஜே3ஐ, அதில் இருப்பது டபிள்யூஆர்99210. நான்கு பிறழ்வுகளும் உள்ள நொதி 1ஜே3கே, அதிலும் டபிள்யூஆர்99210தான். சாதாரண நொதியும் பைரிமெத்தமினும் சேர்ந்த கட்டமைப்பு பிற்பாடு வந்தது, அதன் எண் 3க்யூஜிடி. "மருந்து வேலை செய்யும் நொதி" வேண்டுமானால் அதை எடுங்கள்.

எந்தக் கோப்பாக இருந்தாலும் தலைப்பு வரியைப் படியுங்கள், பிறகு 108ஆம் இடத்தில் நேரடியாகப் போய் செரினா அஸ்பராஜினா என்று பாருங்கள். பத்து வினாடி வேலை.

யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் வரிசையோடு ஒப்பிட்டுப் பிறழ்வைக் கண்டுபிடிக்கலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. பி13922 என்ற பதிவு கே1 என்னும் தாய்லாந்து ஒட்டுண்ணி இனத்தினுடையது. கே1 தானே பைரிமெத்தமின் எதிர்ப்பு இனம், அதே இரு பிறழ்வுகளோடு. அதை "இயல்பு" என்று வைத்து ஒப்பிட்டால் எதிர்ப்பு நொதி இயல்பாகவும் இயல்பு நொதி பிறழ்ந்ததாகவும் தெரியும். தலைகீழ்.

அறிகுறி: பிறழ்வு நொதியிலும் பைரிமெத்தமினுக்கு அதே மதிப்பெண். அப்படியானால் எதிர்ப்பு எங்கே?

இந்தக் கேள்விக்குக் கோளாறு நீக்கம் என்பதைவிட எதிர்பார்ப்பு நீக்கம் என்று சொல்வதே சரி.

மருந்தின் பிணைப்பு பத்து மடங்கு குறைந்தால் ஆற்றல் கணக்கில் அது சுமார் 1.4 கிலோகலோரி/மோல். நூறு மடங்குக்கு 2.8. வீனாவை உருவாக்கியவர்களே 2010இல் சொன்ன அதன் திட்டப்பிழை 2.85 கிலோகலோரி/மோல். அதாவது ஒரு நோயாளிக்கு மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம், இந்தக் கருவியின் கைநடுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காய்கறிக்கடைத் தராசில் தங்கம் நிறுக்க முடியாது. "−8.1இலிருந்து −7.8ஆகக் குறைந்தது, எனவே எதிர்ப்பு நிரூபணமாகிறது" என்று எழுதிய ஆய்வுரைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பதறும்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள், அங்கே விஷயம் இருக்கிறது. செரின் சிறியது, அஸ்பராஜின் பெரியது. 108ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் அஸ்பராஜின் வந்தால் அதன் பக்கக்கிளை பைரிமெத்தமினின் குளோரோஃபீனைல் வளையத்தை முட்டும். பைரிமெத்தமின் விறைப்பானது, ஒதுங்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. முழு மூலக்கூறும் நகர்ந்தால் 54ஆம் அஸ்பார்டேட்டின் பிடி தளரும். டபிள்யூஆர்99210க்கோ நடுவில் அந்த வளையும் பாலம் இருக்கிறதே, அது நெளிந்து அஸ்பராஜினைத் தாண்டிப் போய்விடும். நான்கு பிறழ்வு உள்ள நொதியிலும் அது பிணைந்திருப்பதை 1ஜே3கேயில் காணலாம்.

சைக்ளோகுவானில் கதை இன்னும் அழகு. 16ஆம் அலனின் வேலினாக மாறினால் வேலினின் கூடுதல் மெத்தில், சைக்ளோகுவானிலின் இரட்டை மெத்திலில் ஒன்றை முட்டுகிறது. பைரிமெத்தமினில் அந்த இடத்தில் மெத்திலே இல்லை. அதனால் ஏ16வி, எஸ்108டி (108இல் செரினுக்குப் பதில் த்ரியோனின்) ஜோடி சைக்ளோகுவானிலுக்கு எதிர்ப்புத் தரும், பைரிமெத்தமினுக்குப் பெரிதாகத் தராது. எது எதை முட்டுகிறது என்பதைத் தூரங்களோடு ஒரு படமாகப் போட்டால் அந்த −0.3 வித்தியாசத்தைவிட நூறு மடங்கு அர்த்தமுள்ள பக்கம் உங்கள் அறிக்கையில் இருக்கும்.

இந்த முட்டலைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட புது மூலக்கூறுதான் பி218. 2012இல் யுத்தவோங்கும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். நொதியின் சொந்த உணவான டைஹைட்ரோஃபோலேட் அடைக்கும் இடத்துக்குள்ளேயே மருந்தும் அடங்கும்படி வடிவமைத்தார்கள். ஃபோலேட்டின் வாலைப் பிடிக்கும் 122ஆம் ஆர்ஜினினை பி218இன் கார்பாக்சிலேட்டும் பிடிக்கும். இப்படி இருந்தால் ஒட்டுண்ணி மருந்தை வெளியே தள்ள நினைத்தால் தன் சாப்பாட்டையும் சேர்த்துத் தள்ள வேண்டிவரும். படிகக் கட்டமைப்பு இல்லாமல் இப்படி யோசித்திருக்கவே முடியாது.

பிறழ்வின் விளைவை எண்ணாகத்தான் காட்டியாக வேண்டும் என்று வழிகாட்டி பிடிவாதம் பிடித்தால், கட்டற்ற ஆற்றல் உலைவு முறைக் (ஃப்ரீ எனர்ஜி பெர்டர்பேஷன்) கணக்குகளுக்குப் போங்கள். ஒரு மாத மடிக்கணினி வேலையில் அது முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: மூலக்கூறு இயக்கவியல் ஓட்டம் (அணுக்களின் அசைவைக் கணினியில் நடத்திப் பார்ப்பது) தொடங்கியவுடன் வெடிக்கிறது

ஏ சங்கிலியில் 85க்குப் பிறகு என்ன எண் வருகிறது என்று பாருங்கள். 1ஜே3ஐயில் 86 முதல் 95 வரையிலான வளைவு படிகத்தில் தெரியவில்லை, அதனால் ஆயத்தொலைவுகள் கிடையாது. ரிமார்க் 465 என்று தொடங்கும் வரிகளில் விட்டுப்போன அமிலங்களின் பட்டியல் முழுதாக இருக்கும். இடைவெளியைக் கவனிக்காத தயாரிப்புக் கருவி 85ஐயும் 96ஐயும் நேரடியாகப் பிணைத்துவிடும். பல ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஒரு பிணைப்பு. முதல் அடியிலேயே சுருங்கப் பார்த்து எல்லாவற்றையும் இழுத்துச் சிதறடிக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. மாடலர் மாதிரியான கருவியால் அந்தப் பத்து அமிலங்களைக் கட்டிப் பொருத்தலாம். அல்லது இரு முனைகளிலும் மூடி போட்டு, இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவிடலாம். செயல்மையத்தின் வடிவம் மட்டும் உங்கள் கவலை என்றால் இரண்டாவதே போதும் என்பது என் கருத்து. கட்டிய வளைவும் ஊகம்தானே. கட்டியிருந்தால் கட்டியதாக அறிக்கையில் எழுதுங்கள்.

அறிகுறி: எந்த மூலிகைச் சேர்மத்தைக் கொடுத்தாலும் −9க்கு மேல், பைரிமெத்தமினையே தோற்கடிக்கிறது

நிலவேம்பு, வேம்பு, கீழாநெல்லி என்று பட்டியல் போட்டு ஐம்பது சேர்மங்களை டாக் செய்யும் ப்ராஜெக்ட்கள் நம் ஊரில் நிறைய. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பைரிமெத்தமின் பதினேழு கன அணுக்கள் (ஹைட்ரஜன் அல்லாதவை) கொண்ட பொடியன். சர்க்கரை ஒட்டிய ஒரு ஃபிளேவனாய்டு அதைப்போல் இருமடங்கு இருக்கும். தொடும் அணுக்கள் அதிகமானால் வீனாவின் மதிப்பெண் ஏறும், அவ்வளவுதான் அதன் கணக்கு. குவெர்செட்டினை எந்தப் புரதத்தில் போட்டாலும் நல்ல எண்ணோடு திரும்பி வரும்.

மதிப்பெண்ணைக் கன அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பட்டியல் எப்படித் தலைகீழாகிறது என்பது சுவாரசியமாக இருக்கும். அதே பெட்டியில் பைரிமெத்தமின், டபிள்யூஆர்99210, அப்புறம் இந்த நொதியோடு சம்பந்தமே இல்லாத அதே அளவு மூலக்கூறுகள் ஒரு இருபது, எல்லாவற்றையும் ஓட்டுங்கள். சம்பந்தமில்லாதவையும் −9 வாங்கினால் உங்கள் −9க்கு மதிப்பில்லை.

அடுத்து மனித டிஹெச்எஃப்ஆரிலும் டாக் செய்யுங்கள். மருந்து ஒட்டுண்ணியின் நொதியை அடைத்து நம்முடையதை விட்டுவைக்க வேண்டும். மனித நொதியில் 54ஆம் அஸ்பார்டேட்டின் இடத்தில் 30ஆம் குளூட்டமேட் இருக்கிறது. வேலை ஒன்றுதான், ஆனால் சுற்றியுள்ள குழியின் அளவும் வடிவமும் வேறு. இரண்டிலும் ஒரே மாதிரி உட்காரும் சேர்மத்தை மலேரியா மருந்து என்று எழுதும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

அறிகுறி: மதிப்பாய்வாளர் "எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்தீர்களா" என்று கேட்கிறார்

நியாயமான கேள்வி. பிடிபி கோப்பில் உள்ள ஒவ்வோர் அணுவும் எக்ஸ் கதிர் தந்த அடர்த்தி வரைபடத்துக்குள் ஒருவர் பொருத்தி வைத்தது. இந்தக் கட்டமைப்புகளின் தெளிவு 2.1 முதல் 2.3 ஆங்ஸ்ட்ராம் வரை. அந்தத் தெளிவில் வளையங்கள், முதுகெலும்பு எல்லாம் நன்றாகத் தெரியும். ஹைட்ரஜன் தெரியாது. அஸ்பராஜினின் நுனியில் எது நைட்ரஜன், எது ஆக்சிஜன் என்பதும் தெரியாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து ஊகித்துத்தான் திருப்பி வைக்கிறார்கள்.

நம் நொதியில் எதிர்ப்பின் மையமே 108ஆம் அஸ்பராஜின் என்பதால் இது சும்மா விடக்கூடிய நுணுக்கம் இல்லை. கட்டமைப்பைச் சரிபார்க்கும் மால்ப்ராபிட்டி கருவியில் கோப்பைப் போட்டால் எந்தெந்தப் பக்கக்கிளையைத் திருப்ப வேண்டும் என்று சொல்லும். அளவீட்டுத் தரவு வைப்பில் இருந்தால் கூட் மென்பொருளில் திறந்து, மருந்தின்மேல் அடர்த்தி முழுதாகப் போர்த்தியிருக்கிறதா, நுனிகள் வெறுமையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பி-காரணி எனும் நெடுவரிசையில் (அணு எவ்வளவு நிலையற்று இருக்கிறது என்பதன் அளவு) மருந்தின் எண் சுற்றியுள்ள அமிலங்களைவிட மிக அதிகமாக இருந்தால் அந்த நிலையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுங்கள். ஏ, பி சங்கிலிகள் இரண்டிலும் மருந்து ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒப்பிடலாம். படிகமே இலவசமாகத் தரும் இரண்டாவது அளவீடு அது.

அறிகுறி: ஆய்வு சென்னை மலேரியா பற்றி, கோப்பு ஃபால்சிபாரம்

சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் ஸ்டீஃபென்சி கொசு பரப்புவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. முன்னுரையில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு 1ஜே3ஐயில் டாக் செய்தால் யாராவது கேட்பார்கள். வைவாக்ஸ் டிஹெச்எஃப்ஆரின் கட்டமைப்புகள் 2005 முதல் இருக்கின்றன: 2பிஎல்9இல் தொடங்கி 2பிஎல்சி வரை நான்கு. எண் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபால்சிபாரத்தின் 108 இங்கே 117, அங்கே 59 இங்கே 58. ஃபால்சிபாரம் எண்ணையே வைத்துக்கொண்டு வைவாக்ஸ் கோப்பில் 108ஐத் தேடினால் சம்பந்தமில்லாத ஏதோ ஓர் அமிலம் கிடைக்கும்.

இன்னும் தீரவில்லையா?

உதவி கேட்டு எழுதும்போது ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். பிடிபி எண், எந்தச் சங்கிலி, பெட்டியின் மையமும் அளவும் உள்ள கான்ஃபிக் கோப்பு, வீனாவுக்குப் போன இரண்டு பிடிபிக்யூடி கோப்புகள், வீனாவின் பதிப்பு எண், விதை எண், இவ்வளவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் மாறுகிறது என்று புகார் சொல்பவர்கள் விதை எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் வீனா தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் வேறு. கோப்பில் என்டிபி இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். நான் முதலில் அதைத்தான் தேடப்போகிறேன்.